சீட்டு எடுத்த பிறகு பத்து நிமிடம்

பேச்சுப்போட்டி அறை வாசலில் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே யார் எந்தப் போட்டிக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மனப்பாடப் பேச்சுக்காரருக்கு உதடு அசைந்துகொண்டே இருக்கும். உடனடிப் பேச்சுக்காரர் கைபேசியில் அன்றைய செய்தியை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் படிப்பது எதுவும் மேடையில் கைகொடுக்காது. பத்து நிமிடத்தில் பேச்சு உருவாவதில்லை. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கத்தான் அந்தப் பத்து நிமிடம். சேர்த்து வைக்காதவருக்கு அது வெறும் அலமாரியைத் திறந்து பார்ப்பது போலத்தான்.

இந்த அத்தியாயம் பல கல்லூரிகளில் வழக்கமாக உள்ள ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு பேசுகிறது: நடப்புச் செய்தி பற்றிய தலைப்புச் சீட்டு, பத்து நிமிடத் தயாரிப்பு, ஐந்து நிமிடப் பேச்சு, நான்காவது நிமிடம் எச்சரிக்கை மணி. உங்கள் போட்டியில் கணக்கு வேறாக இருந்தால் அதற்கேற்பச் சுருக்கியோ நீட்டியோ கொள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் மூன்று கேள்விகள் எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அரை மணி நேரம் தயாரிப்பு, ஏழு நிமிடம் பேச்சு. அங்கே முன்பெல்லாம் மாணவர்கள் வெட்டிச் சேர்த்த செய்தித்தாள் துணுக்குகளைப் பெரிய பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளில் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது மடிக்கணினி வந்துவிட்டது. நம் போட்டிகளில் தயாரிப்பு அறைக்குள் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெட்டிப் பழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி கட்டுவது

தேவையானவை: ஒரு காலிச் செருப்புப் பெட்டி, உள்ளங்கை அளவுக்கு வெட்டிய தடித்த அட்டைகள், ஒரு பேனா. கைபேசியில் சேமித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். சேமிக்கலாம், மனத்தில் தங்காது. கையால் எழுதியதுதான் மேடையில் நினைவுக்கு வருகிறது என்பது என் அனுபவம்.

1. இரண்டு நாளிதழ்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்வதாக இருக்கக் கூடாது. ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் வாங்க வசதியில்லையென்றால் ஊர் நூலகம் இருக்கிறது.

2. தலைப்புச் செய்தியை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகாதீர்கள். நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். செய்தி 'என்ன நடந்தது' என்று சொல்லும். நடுப்பக்கம் 'ஏன்' என்று சொல்லும். உடனடிப் பேச்சுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

3. ஒரு நாளைக்கு ஓர் அட்டை, அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் ஆர்வத்தில் பத்து எழுதி இரண்டாம் வாரம் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. அட்டையில் ஐந்தே வரி: நிகழ்ந்தது என்ன, எந்தத் தேதி; ஓர் எண், அதைச் சொன்னது யார்; காரணம்; எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது; அடுத்து என்ன எதிர்பார்க்கப்படுகிறது.

5. மாதம் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்து, பழசானதைத் திருத்துங்கள். பழைய எண்ணை அடித்து, பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள். எண் எப்படி மாறிவந்தது என்பதே சில சமயம் நல்ல வாதமாகிவிடும்.

மாதிரிக்குக் காவிரி அட்டை. நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 2007 இறுதித் தீர்ப்பின்படி கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டியது ஆண்டுக்கு 192 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததற்குச் சொன்ன காரணங்கள்: பெங்களூரின் குடிநீர்த் தேவை, தமிழ்நாட்டுப் படுகையில் உள்ள நிலத்தடி நீர். அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. எதிர்த்தரப்பின் வாதம்: மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான் அட்டை. 'காவிரி எங்கள் தாய்' என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை.

*குறிப்பு:* சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே கிடைக்கும். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். பள்ளிக் கல்வி, நீர்வளம், மக்கள் நல்வாழ்வு ஆகிய மூன்று துறைகளின் குறிப்பைப் புரட்டினாலே முப்பது அட்டைகளுக்குச் சரக்கு கிடைக்கும். அரசு தன் வேலையைத் தானே சொல்லும் ஆவணம் என்பதை மறக்காமல் படியுங்கள்.

பத்து நிமிடம்: நிமிடவாரியாக

சீட்டைப் பிரித்ததும் எழுத ஆரம்பிக்காதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பை மூன்று முறை படியுங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு போட்டிக்குக் காவிரிப் பேச்சு ஒன்றை உருப்போட்டுக்கொண்டு போனேன். சீட்டில் வந்த தலைப்பு 'நகரங்களின் நீர் மேலாண்மை'. நீர் என்ற சொல்லைப் பார்த்தேன், போதும் என்று காவிரிக்குள் குதித்துவிட்டேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. மதிப்பெண் தாளில் நடுவர் எழுதியிருந்தது இரண்டே சொல்: 'தலைப்பு எங்கே?'

இப்போது ஒரு தலைப்பை எடுத்துக் கடைசி வரை நடத்திப் பார்க்கலாம். சீட்டு சொல்கிறது: 'சென்னை வெள்ளம்.'

1. முதல் நிமிடம்: கேள்வியாக்குங்கள். 'சென்னை வெள்ளம்' என்பது வெறும் பெயர். பெயரைப் பற்றிப் பேசினால் கட்டுரை வாசிப்பாகிவிடும். 'சென்னையை மூழ்கடிப்பது மழையா, நாமா?' என்று கேட்டுக்கொண்டால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் வந்துவிடும். தலைப்பே கேள்வியாக வந்திருந்தால் அதை மாற்றாதீர்கள். கேட்ட கேள்விக்குத்தான் மதிப்பெண்.

2. இரண்டு, மூன்றாம் நிமிடம்: கொட்டுங்கள். நினைவுக்கு வருவதையெல்லாம் வரிசை பார்க்காமல் துண்டுச் சொற்களாக எழுதுங்கள். பெட்டி கட்டியவர் தாளில் இப்படி இருக்கும்: 2015 டிசம்பர் 1, தாம்பரம், ஒரே நாளில் 49 செ.மீ. செம்பரம்பாக்கம், நொடிக்கு 29,000 கன அடி. 2018 தணிக்கை அறிக்கை. பள்ளிக்கரணை, 2022 ராம்சர். 2019 ஜூலை, ஜோலார்பேட்டை ரயில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்.

3. நான்காம் நிமிடம்: தீர்ப்பு எழுதுங்கள். ஒரே வாக்கியம். 'மழையை நாம் வரவழைக்கவில்லை. அது தங்கும் இடத்தைப் பறித்தது நாம்.' இந்த வாக்கியம் வந்துவிட்டால் பேச்சில் பாதி முடிந்த மாதிரி. பல மாணவர்கள் இதைக் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மணி அடிக்கும்போது முடிவு எது என்று அவர்களுக்கே தெரியாது.

4. ஐந்து, ஆறாம் நிமிடம்: அடித்துத் தள்ளுங்கள். தீர்ப்புக்கு உதவாததையெல்லாம் கோடு போட்டு அடியுங்கள். மேலே உள்ள பட்டியலில் மிக்ஜாமை நான் அடிப்பேன். அது 2015இன் இன்னொரு காட்சிதான், புதிதாக எதையும் சொல்லாது. மீதியை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு வாதங்களைத்தான் தாங்கும். மூன்றாவது வைத்தால் மூன்றும் நோஞ்சானாகும்.

5. ஏழாம் நிமிடம்: முதல் வாக்கியம். சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். மேடையில் முதல் வாக்கியத்தைத் தேடக்கூடாது.

6. எட்டாம் நிமிடம்: கடைசி வாக்கியம். இதையும் முழுதாக எழுதுங்கள். நடுவில் என்ன தடுமாறினாலும் இறங்குவதற்கு ஒரு படி இருக்கும்.

7. ஒன்பதாம் நிமிடம்: முணுமுணுத்துப் பாருங்கள். வாக்கியங்களை அல்ல, இணைப்புகளை மட்டும். ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்கு எந்தச் சொல்லால் தாண்டுகிறீர்கள் என்று.

8. பத்தாம் நிமிடம்: எழுந்து நில்லுங்கள். ஒரு வாய் தண்ணீர். வேறொன்றும் வேண்டாம்.

அந்தத் தாளிலிருந்து மேடைக்கு

தொடக்கத்துக்கு எதை எடுப்பது? பெரும்பாலோர் தாம்பரத்து 49 செ.மீட்டரை எடுப்பார்கள். எல்லாரும் எடுப்பது என்பதாலேயே அது வேண்டாம். ரயிலைப் பாருங்கள். 2015 டிசம்பரில் தெருவில் படகு ஓடிய நகரம். 2019 ஜூலையில் அதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நான்கு நொடி சும்மா நில்லுங்கள். அவையோர் தானாக நிமிர்ந்து உட்காருவார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்து எதிர்த்தரப்புக்கு முழு மரியாதை. ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டினால் எந்த வடிகாலும் திணறும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிராளி பேச வேண்டியதை நீங்கள் பேசிவிட்டால் நடுவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். பிறகு முதல் வாதம்: நீர் தங்கும் இடம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியும் அதன் மேலேயும் நகரம் வளர்ந்ததும், குப்பை கொட்டப்பட்டதும், 2022இல்தான் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும். இரண்டாவது வாதம்: நீரைத் திறக்கும் முறை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் உபரிநீர் திறப்பு நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'அறிக்கை இப்படிச் சொன்னது' என்பது ஒன்று. 'இன்னார்தான் கொன்றார்' என்பது வேறொன்று. உணர்ச்சி ஏறும்போது முதலாவது இரண்டாவதாக உருமாறிவிடும். அந்த நேரத்தில்தான் நாக்கைப் பிடித்து வைக்க வேண்டும்.

மணியும் சொல்லும்

ஒரு நாளிதழ்த் தலையங்கத்தை எடுத்து, மேடையில் பேசும் வேகத்தில் ஒரு நிமிடம் உரக்கப் படித்து, எத்தனை சொல் வந்தது என்று எண்ணுங்கள். நான் அளந்த மாணவர்களில் பலர் 90 முதல் 110 சொல்லுக்குள் நின்றார்கள். அப்படியென்றால் ஐந்து நிமிடம் என்பது கிட்டத்தட்ட 500 சொல். அதில் 'மதிப்பிற்குரிய', 'மாண்புமிகு', 'என் உயிரினும் மேலான' என்று வரிசையாக வணக்கம் வைத்தால் அறுபது சொல் காலி. 'அவைக்கு வணக்கம்' என்றால் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கு இப்படி: தொடக்கம் முக்கால் நிமிடம், எதிர்த்தரப்பு அரை நிமிடம், இரண்டு வாதங்களுக்கும் தலா ஒன்றரை நிமிடம், முடிவுக்கு முக்கால். எச்சரிக்கை மணி அடிக்கும்போது இரண்டாவது வாதத்தின் வாலில் இருக்க வேண்டும். இன்னும் முதல் வாதத்திலேயே நின்றால் இரண்டாவதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு முடிவுக்குத் தாவுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். விரட்டிப் பேசுகிறவரைப் பார்த்து யாரும் பரபரப்படைவதில்லை, பரிதாபப்படுகிறார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*எல்லாத் தலைப்புக்கும் ஒரே குறள்.* நீர் என்று வந்தால் நீரைப் பற்றிய அந்தக் குறள், கல்வி என்று வந்தால் கல்வியைப் பற்றிய அந்தக் குறள். ஒரு போட்டியில் பதினொரு பேர் பேசினார்கள். ஏழு பேர் ஒரே குறளில் தொடங்கினார்கள். நான்காவது பேருக்குப் பிறகு வள்ளுவர் மேல் எனக்கே பாவமாக இருந்தது. குறளைத் தொடவே கூடாது என்பதில்லை. அது உங்கள் வாதத்துக்கு வேலை செய்கிறதா, அலங்காரத்துக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

*சொந்தக்காரர் இல்லாத எண்.* 'தமிழ்நாட்டின் எட்டுக் கோடி மக்கள்' என்று முழங்குவது எளிது. 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி. அதற்குப் பின் வந்தவை மதிப்பீடுகள். 'மதிப்பீட்டின்படி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் நீங்கள் படித்தவர் என்று தெரியும்; விட்டால் கேட்டதைச் சொல்கிறவர் என்று தெரியும்.

*வாட்சப்பில் வந்தது.* யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாத எதையும் அட்டையில் ஏற்றாதீர்கள். அப்துல் கலாம் சொன்னதாகச் சுற்றும் மேற்கோள்களுக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

*அடுக்குமொழி மயக்கம்.* எதுகை மோனை தமிழ் மேடையின் சொத்து, நானும் ரசிப்பவன்தான். ஆனால் நடப்புச் செய்திப் பேச்சில் அடுக்குமொழி வாதத்தை மூடிவிடக் கூடாது. ஒரு பேச்சுக்கு ஓர் அடுக்கு, அதுவும் முடிவில்.

*தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது.* தலைப்பு முற்றிலும் புதிதாக இருந்தால், தெரிந்த ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு 'இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்' என்று முதலிலேயே அறிவியுங்கள். தேதியைக் கற்பனை செய்யாதீர்கள். அறையில் யாராவது ஒருவருக்குச் சரியான தேதி தெரிந்திருக்கும். பெரும்பாலும் அவர்தான் நடுவர்.

எச்சரிக்கை

* நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள். 'குற்றம்சாட்டப்பட்டவர்' என்ற சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.
* சாதி, மதம் தொடர்பான தலைப்பு வந்தால் அமைப்பையும் சட்டத்தையும் பற்றிப் பேசுங்கள். எந்தக் குழுவையும் ஒட்டுமொத்தமாகப் பழிக்காதீர்கள். பேச்சு பதிவாகிறது, நாளை வெட்டி ஒட்டிப் பரப்ப ஆளிருக்கும்.
* கொலையோ பாலியல் வன்முறையோ தலைப்பானால் பாதிக்கப்பட்டவரின் பெயரை எடுக்காதீர்கள். பாலியல் வழக்குகளில் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம்.
* தயாரிப்பு அறைக்குள் போகுமுன் கைபேசியை அணைத்து ஒப்படையுங்கள். பையில் இருந்த கைபேசி சிணுங்கியதற்காக வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு.
* போட்டிக்கு முன்பு கத்திப் பயிற்சி செய்து தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேடையேறினால் மூச்சு வராது. வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி சரியான அளவு.
* மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். ஒரு சாண் தள்ளி நின்று பேசினால் கேட்கும்.

நாள்தோறும் இருபது நிமிடம்

நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். ஒரு பழைய டிபன் டப்பாவில் ஆளுக்கு ஐந்து தலைப்பு எழுதிப் போடுங்கள். தினமும் ஒருவர் எடுக்க வேண்டும்: பத்து நிமிடத் தயாரிப்பு, ஐந்து நிமிடப் பேச்சு, மற்ற மூவரும் சேர்ந்து ஐந்து நிமிடக் கருத்து. கருத்து சொல்பவர்கள் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 'இவருடைய தீர்ப்பு என்ன?', 'எந்த இடத்தில் என் கவனம் போனது?' முதல் கேள்விக்கு மூவரும் ஒரே பதில் சொல்லவில்லையென்றால் நான்காம் நிமிட வேலையை நீங்கள் சரியாகச் செய்யவில்லை.

நண்பர்கள் கிடைக்கவில்லையா, கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். 'வந்து', 'ஆகவே', 'பார்த்தீர்களேயானால்' எத்தனை முறை வருகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். முதல் வாரப் பதிவு கேட்கச் சகிக்காது. அதை அழித்துவிடாதீர்கள், எட்டாவது வாரம் பக்கத்தில் வைத்துக் கேட்க அது தேவைப்படும்.